தேனீக் கூட்டமும் கொல்லிமலையும்

தமிழ்நாட்டின் நடுப்பகுதியில், நாமக்கல் மாவட்டத்தில், கொல்லிமலை ஓங்கி நிற்கின்றது. 1997ஆம் ஆண்டில் நாமக்கல் தனி மாவட்டமாதற்கு முன்னர் இம்மலை சேலம் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயர்ந்த இம்மலைக்கு, அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து ஏறும் சாலை 70 கொண்டையூசி வளைவுகளை உடையது. வளைவுகள் ஏற ஏற வெயிலின் கடுமை தணியும். காற்றின் குளிர்ச்சி மிகும். மேலே பலாவும் வாழையும், காப்பியும் மிளகும், சாமையும் தினையும் விளையும் நிலங்கள் பரந்து கிடக்கும். ஐயாறு என்னும் சிற்றாறு ஆகாய கங்கை என்னும் பேரருவியாய் வீழ்வதும் இங்கேதான். கடையெழு வள்ளல்களுள் ஒருவனும் வில்லாற்றலில் நிகரற்றவனுமாகிய ஓரி ஆண்ட மலையும் இதுவே.

இம்மலையில் வாழும் பழங்குடி மக்களை மலையாளிகள் என்பர். மலையை ஆள்பவர் என்னும் பொருளில் அமைந்த பெயர் இது. கேரள நாட்டினரைக் குறிக்கும் பெயரொடு மயங்குதல் கூடாது. செம்மேடும் சோளக்காடும் மலைமேல் உள்ள சிறு வணிக ஊர்களாம். சோளக்காட்டுச் சந்தையில் பலாப்பழமும் மலைவாழைத் தாறும் அன்னாசியும் மிளகும் குவிக்கப்பெற்றிருக்கும். அவற்றினிடையே புட்டிகளில் அடைத்த தேனும் விலைக்கு வரும். மற்றைப் பொருள்களை உழவர் விளைவிக்கின்றனர். தேனை விளைவிப்பன தேனீக்கள். அவ்வுழைப்பாளிகள் எங்கே குடியிருக்கின்றன, எதனை உண்டு வாழ்கின்றன, ஏன் சிலபோது கூட்டமாய்ப் புறப்பட்டு ஊருக்குள் வருகின்றன என்பவற்றை அறிந்தோர் சிலரே.

மலைக்கும் தேனுக்கும் உள்ள தொடர்பு தமிழர்க்குப் புதியதன்று. குறிஞ்சி நில மக்களின் தொழில்களுள் தேனெடுத்தலும் ஒன்று. உழாமலே விளையும் உணவுப் பொருள்கள் நான்கு பாரியின் பறம்பு மலையில் உண்டு என்று கபிலர் புறநானூற்றில் பாடினார். அவற்றுள் ஒன்று தேன். செங்குத்தான பாறையில் ஏறித் தேனெடுத்தற்குக் கணுக்களையுடைய மூங்கிலையே ஏணியாக நாட்டினர். அதற்கு 'மால்பு' என்று பெயர். மலைபடுகடாம் என்னும் நூலிலும் இச்சொல் பயில்கின்றது. தேனடையை 'இறால்' என்றும், தேனைப் 'பிரசம்' என்றும் வழங்கினர். ஒரு பொருளுக்குப் பல பெயர்கள் அமைந்திருத்தல் அப்பொருளொடு மக்கள் நெருங்கிப் பழகியமைக்குச் சான்றாகும்.

நம் நாட்டுத் தேனீக்கள் பல வகைப்படும். உயர்ந்த மரக்கிளைகளிலும் பாறை முகடுகளிலும் ஒரே பெரிய அடையைக் கட்டித் தொங்கவிடுவது மலைத்தேனீ. இது மிகுந்த தேனைத் தரும். ஆயினும் சினம் மிக்கது. திறந்த வெளியிலேயே வாழும் இயல்பினதாகலின், இதனைப் பெட்டியில் வளர்த்தல் இயலாது. புதர்களின் சிறு கொம்பிலே உள்ளங்கை அளவான அடையைக் கட்டுவது கொம்புத்தேனீ. சுவர் வெடிப்பிலும் மரத்துளையிலும் வாழும் மிகச் சிறிய ஈக்கு மக்கள் கொசுத்தேனீ எனப் பெயரிட்டனர். அதற்குக் கொட்டும் கொடுக்கு இல்லை. மரப்பொந்து, பாறையிடுக்கு, கைவிடப்பட்ட புற்று ஆகிய இருண்ட இடங்களில் பல அடைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக் கட்டுவது அடுக்குத் தேனீ. இதுவே பெட்டியில் வைத்து வளர்த்தற்கு ஏற்ற நம் நாட்டுத் தேனீயாகும். இத்தாலியத் தேனீ என்பது அயல்நாட்டிலிருந்து கொணரப்பட்டது.

அடுக்குத் தேனீயின் ஒரு கூட்டில் ஓர் இராணித் தேனீயும், சில நூறு ஆண் தேனீக்களும், பல்லாயிரம் வேலைக்காரத் தேனீக்களும் இருக்கும். முட்டையிடுதல் இராணியின் தொழில். கூட்டைத் தூய்மை செய்தல், புழுக்களுக்கு ஊட்டுதல், மெழுகு சுரந்து அடை கட்டுதல், வாயிலைக் காத்தல், மலர்களை நாடித் தேனும் மகரந்தமும் கொணர்தல் ஆகிய அனைத்தும் வேலைக்காரத் தேனீக்களின் கடமைகள். அவை வயதிற்கேற்பத் தொழில்களை மாற்றிக்கொள்ளும். ஒரு வேலைக்காரத் தேனீ தன் வாழ்நாள் முழுமையும் உழைத்துத் தரும் தேன் ஒரு தேக்கரண்டியில் ஏறத்தாழப் பன்னிரண்டில் ஒரு பங்கே என்பர். ஒரு புட்டித் தேன் எத்தனை ஆயிரம் உயிர்களின் உழைப்பு என்பதை இதனாற் கணக்கிடலாம்.

பூக்கள் மிகும் பருவத்தில் கூட்டிலும் உணவு பெருகும். தேனீக்களின் எண்ணிக்கையும் பெருகும். இடம் போதாத நிலையில், வேலைக்காரத் தேனீக்கள் அடையின் கீழ் விளிம்பில் இராணி அறைகள் சிலவற்றைக் கட்டும். புதிய இராணி வெளிப்படுவதற்கு முன்னரே பழைய இராணி, பாதிக்கு மேற்பட்ட தேனீக்களை உடன்கொண்டு வெளியேறிவிடும். இதனைக் கூட்டம் பிரிதல் என்பர். கட்டி முடித்த வீட்டையும் சேர்த்து வைத்த செல்வத்தையும் இளையவளிடம் ஒப்படைத்துவிட்டு, முதியவள் புதிய இடம் தேடிப் புறப்படுதல் வியக்கத்தக்கதன்றோ!

புறப்பட்ட கூட்டம் உடனே புதுவீடு புகுவதில்லை. அருகிலுள்ள ஒரு மரக்கிளையில் கொத்தாகத் தொங்கும். சிலபோது அம்மரம் சந்தை கூடும் இடத்திலோ, பள்ளியின் முற்றத்திலோ அமைந்துவிடும். பல்லாயிரம் ஈக்கள் வானத்தை மறைத்து இரைந்து வந்து ஒரு கிளையில் கவிந்தால், காண்போர் அஞ்சுதல் இயல்பே. சிலர் கல்லெறிவர், சிலர் தென்னோலையில் தீக்கொளுத்தி வருவர். இரண்டும் பேதைமை. எறிந்த கல் அமைதியாக இருந்த கூட்டத்தைச் சினங்கொள்ளச் செய்யும். கொளுத்திய தீ அதனை அழிக்கும். உண்மையில், பிரிந்து வந்த அடுக்குத் தேனீக் கூட்டம் கொட்டும் நோக்கம் குறைந்திருக்கும் நிலை அதுதான். என்னை? காத்தற்குரிய அடையோ புழுவோ தேனோ அதனிடம் இல்லை. புறப்படும்போதே ஒவ்வோர் ஈயும் தேனைக் குடித்து வயிறு நிரம்பியுள்ளது. தொந்தரவு செய்யாது விட்டால், சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ அது தானே அகன்றுவிடும்.

அது எங்கே செல்லும் என்பதை முடிவு செய்வோர் யாவர்? இராணி அன்று, அனுபவம் முதிர்ந்த ஒற்றர் தேனீக்களே. தேனீக்கள் ஒருவகை நடனத்தால் மலர் இருக்கும் திசையையும் தொலைவையும் தம் இனத்திற்கு அறிவிக்கின்றன என்பதை ஆத்திரிய நாட்டு அறிஞர் கார்ல் ஃபான் ஃபிரிஷ் கண்டறிந்தார். அவருக்கு 1973ஆம் ஆண்டில் நோபெல் பரிசு வழங்கப்பெற்றது. அவருடைய மாணவர் மார்ட்டின் லிண்டௌவர் மியூனிக்கு நகரில் கிளையில் தொங்கிய ஒரு கூட்டத்தை 1949ஆம் ஆண்டில் உற்று நோக்கினார். அதன்மேல் ஆடிய ஈக்களின் உடலில் பூந்தாது இல்லை. புகைக்கரியும் செங்கல் தூளும் படிந்திருந்தன. போரில் இடிந்த கட்டடங்களின் பொந்துகளில் புகுந்து, குடியிருப்புக்கு ஏற்ற இடம் பார்த்து வந்த ஒற்றர்கள் அவை என்று அவர் தெளிந்தார். பல ஒற்றர்கள் பல இடங்களைக் கூறும். நல்ல இடத்தைக் கண்ட ஈ நெடுநேரம் ஆடும். மற்றவை சென்று தாமே பார்த்து வந்து அதனொடு சேர்ந்து ஆடும். இறுதியில் ஓரிடமே எஞ்சும். கூட்டம் முழுதும் அங்கே பறக்கும். கலந்தாய்ந்து முடிவு செய்யும் இம்முறையை மாந்தரும் தேனீயிடம் கற்கலாம்.

கூட்டம் இவ்வாறு கிளையில் தங்கும் இடைவேளையே அதனைப் பிடித்துப் பெட்டியில் குடியேற்றுதற்கு ஏற்ற காலம். பழகிய தேனீ வளர்ப்போர் இதனைப் பொறுமையுடன் செய்வர். மாலை நேரமே சிறந்தது. முகவலை அணிந்து, கூட்டத்தின்மேல் நீரை மென்மையாகத் தெளிப்பர். சிறகு நனைந்த ஈக்கள் பறவாமல் நெருங்கி ஒன்றும். பின்னர் ஒரு கூடையையோ துணிப்பையையோ கொத்தின் மேற்புறத்தில் கவிழ்த்துப் பிடித்து, கீழிருந்து சிறிது புகையூட்டுவர். மேல்நோக்கி ஏறுதலும் இருளை நாடுதலும் தேனீயின் இயல்பாகலின், அவை கூடையினுள் ஏறிச் செல்லும். கிளை தாழ்வாக இருப்பின், பெட்டியைக் கீழே வைத்துக் கிளையை ஒருமுறை உதறுவதும் உண்டு.

இராணி உள்ளே புகுந்ததா என்பதே முதன்மையானது. அது புகுந்துவிட்டால், வாயிலில் நிற்கும் ஈக்கள் வயிற்றின் நுனியை உயர்த்திச் சிறகை அசைத்து, ஒருவகை மணத்தைப் பரப்பி, வெளியில் உள்ளவற்றை அழைக்கும். இராணி வெளியே தங்கிவிடின், உள்ளே சென்றவையும் திரும்பிவிடும். இருட்டிய பின்னர், கூடையில் உள்ளவற்றைச் சட்டங்கள் பொருத்திய பெட்டிக்கு மாற்றுவர். சில நாள் வரையில் வாயிலில் இராணித் தடுப்பு வைப்பர். வேலைக்காரத் தேனீ அதன் வழியே சென்று வரும், உடல் பருத்த இராணி வெளியேற மாட்டாது. அடை கட்டத் தொடங்கும் வரை, சருக்கரையும் நீரும் சம அளவாகக் கலந்த பாகினை மாலைதோறும் வைப்பர். பெட்டி நிற்கும் கால்களைச் சுற்றி நீர்க்கிண்ணம் அமைத்து எறும்பைத் தடுப்பர்.

ஒன்றை மாணவர் மறத்தல் ஆகாது. இது பழகியோர் செய்தற்குரியது. சிறுவர் தாமே முயலுதல் தகாது. மலைத்தேனீக் கூட்டத்தை எவரும் நெருங்கலாகாது. ஓர் ஈ கொட்டினாலும், நசுக்கப்பட்டாலும், வாழைப்பழ மணம் போன்றதொரு மணம் எழுந்து மற்ற ஈக்களைப் போருக்கு அழைக்கும். கொட்டிய வேலைக்காரத் தேனீயோ கொடுக்கை இழந்து மடியும். தன் உயிரைக் கொடுத்துக் குடியைக் காக்கும் காவலன் அது.

இங்ஙனம் பெட்டியில் வளர்க்கும் முறை எவ்வாறு தோன்றியது? அடைகளுக்கிடையே ஒடுக்கமான ஓர் இடைவெளி விட்டால், தேனீக்கள் அதனை மெழுகால் அடைப்பதில்லை என்பதை அமெரிக்கராகிய லாங்சுட்ராத் 1851ஆம் ஆண்டில் கண்டு, வேண்டும்போது எடுத்துப் பார்க்கத்தக்க சட்டங்களையுடைய பெட்டியை அமைத்தார். அப்பெட்டி அயல்நாட்டுப் பெருந்தேனீக்கு ஏற்றது. தென்னாட்டில் நியூட்டன் என்னும் பாதிரியார் 1911 முதல் 1917 வரையில் கிராமத்தார்க்குத் தேனீ வளர்ப்பைக் கற்பித்தார். நம் அடுக்குத் தேனீயின் சிறிய அளவிற்கேற்ப அவர் அமைத்த பெட்டி நியூட்டன் பெட்டி என்று வழங்குகின்றது. அதன் கீழறையில் புழுக்கள் வளரும். மேலறையில் தேன் சேரும். மேலறைச் சட்டங்களை மட்டும் எடுத்துச் சுழற்கருவியில் வைத்துச் சுற்றினால் தேன் தெறித்து வெளிப்படும், அடை சிதையாது. அதனைத் திரும்ப வைத்தால், மீண்டும் மெழுகு சுரக்கும் உழைப்பு தேனீக்கு மிச்சமாகும்.

முற்காலத்து வழி வேறு. பொந்து மரத்தை வெட்டி வீழ்த்தியோ, தீப்பந்தம் காட்டியோ அடையைப் பறித்துப் புழுவொடு பிழிந்து தேனெடுப்பர். 'தேனெடுத்தவன் புறங்கையை நக்குவான்' என்பது பழமொழி. புறங்கையில் ஒட்டியதை நக்குதல் பெரும் பிழையன்று. ஒரு துளித் தேனுக்காக ஒரு குடியையே அழித்தல்தான் பிழை. பிரிந்து வந்த கூட்டத்தைப் பிடித்தலில் இப்பிழை இல்லை. பழைய குடி தன் பொந்தில் புதிய இராணியொடு வாழ்கின்றது. புதிய குடி பெட்டியில் வாழ்கின்றது. ஒன்று இரண்டாகின்றதேயன்றி, ஒன்று அழிந்து ஒன்று தோன்றுவதன்று.

ஆயினும், பெட்டியில் புகுத்திய தேனீ அங்கேயே நிலைத்து வாழும் என்று கருதலாகாது. அடுக்குத் தேனீக்கு மற்றோர் இயல்பு உண்டு. உணவு குறைந்தாலும், எறும்பும் மெழுகுப் பூச்சியும் தொல்லை தந்தாலும், கூடு முழுதையும் துறந்து ஒட்டுமொத்தமாக அது வெளியேறிவிடும். வளம் மிகுந்து பிரிவது கூட்டம் பிரிதல்; வறுமையால் நீங்குவது குடிபெயர்தல். முன்னது மகிழ்ச்சிக்குரியது, பின்னது வருந்தத்தக்கது. எனவே தேனீ வளர்ப்போன் பெட்டி ஒன்றையே நோக்கியிருத்தல் போதாது. பெட்டியைச் சூழ்ந்துள்ள மலர்களையும் நோக்கல் வேண்டும். அடுக்குத் தேனீ பெரும்பாலும் ஒன்று அல்லது ஒன்றரைக் கிலோமீட்டர் எல்லைக்குள்ளேயே உணவு தேடும். அவ்வெல்லைக்குள் ஆண்டு முழுதும் ஏதேனும் பூத்திருத்தல் வேண்டும்.

இவ்வகையிற் கொல்லிமலை நற்பேறு பெற்றது. கோடை மழை பெய்த சில நாள்களில் காப்பிச் செடிகள் ஒருசேர வெண்மலர் பூக்கும், மலைச்சரிவு மணக்கும். அம்மலர்கள் ஓரிரு நாளே நிற்கும். ஆதலின் தேனீக்கள் விடியலிலேயே விரையும். காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரம் ஆஸ்திரேலிய நாட்டிலிருந்து வந்தது; சீப்புப் போன்ற அதன் பொன்னிற மலர்களில் தேன் மிகுதி. நாவலும் புங்கும் கடுக்காயும் பூக்கும்போது தேனீக்களுக்கு விருந்தாகும். வாழைப்பூவோ, தோட்டத்தில் தாறு ஈனும் மரம் உள்ள வரையில், எப்பருவத்திலும் கைகொடுக்கும். மழை மிக்க மாதங்களில் மட்டும் தேனீ வெளியே செல்ல இயலாது வாடும். அக்காலத்திற்கென அடையில் ஒரு பகுதித் தேனை விட்டுவைத்தல் வளர்ப்போனின் கடமை. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டவன் அடுத்த பருவத்தில் வெறும் பெட்டியைக் காண்பான்.

இடத்திற்கேற்பத் தேனின் பிறப்பிடமும் வேறுபடும். கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம் தேனீ வளர்ப்பிற் புகழ்பெற்ற ஊர். அங்கே இரப்பர் மரத்தின் இளந்தளிர்களில் சுரக்கும் இனிய நீரே பெருமளவில் தேனாகின்றது. அங்கே ஒரே வகை மரம் நெருங்கி நிற்கின்றது; கொல்லிமலையிலோ பல வகை மரஞ்செடிகள் விரவி நிற்கின்றன. அதனால் இம்மலைத் தேனின் நிறமும் மணமும் பருவத்திற்குப் பருவம் மாறுபடுதல் இயல்பே, அது குற்றமன்று.

தேனீயால் வரும் பயன் தேன் ஒன்றே என்று எண்ணுதலும் தவறு. மலருக்கு மலர் செல்லும்போது அதன் உடலில் ஒட்டிய மகரந்தம் இடம் மாறுகின்றது. காயும் கனியும் விதையும் உண்டாகின்றன. அராபிகா வகைக் காப்பி தன் மகரந்தத்தாலேயே காய்க்க வல்லது. எனினும் தேனீக்கள் நாடிய இடத்தில் காய்ப்பு மிகுதல் அறியப்பட்டுள்ளது. தோட்டத்தின் ஓரத்தில் இருக்கும் ஒரு பெட்டி, கூலி கேளாத பல்லாயிரம் வேலையாட்களைத் தோட்டத்திற்குத் தருகின்றது.

இத்தகைய தேனீக் குலத்திற்கு 1990களின் தொடக்கத்தில் ஒரு பேரிடர் நேர்ந்தது. தாய்லாந்து நாட்டின் பெயரால் வழங்கும் ஒரு வைரசு நோய் தென்னாட்டில் பரவிற்று. நோயுற்ற புழு முதிராமல், நீர் நிறைந்த பை போலாகி மடிந்தது. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் கருநாடகத்திலும் பெட்டிகளில் இருந்த அடுக்குத் தேனீக் கூட்டங்களில் மிகப் பெரும்பாலானவை அழிந்தன. தேனையே நம்பி வாழ்ந்த குடும்பங்கள் பல, வெறும் பெட்டிகளை அடுக்கி வைத்துவிட்டு வேறு தொழில் தேடின. பின்னர்த் தொழில் மீண்டதற்குக் காரணம், நோயைத் தாங்கி எஞ்சிய கூட்டங்களே. பொந்துகளிலும் பாறைகளிலும் காட்டுத் தேனீக் குடிகள் வாழ்ந்திருத்தல் எத்துணை இன்றியமையாதது என்பது இதனாற் புலனாகும். அவை எதிர்காலத்திற்கெனச் சேமித்த வித்துப் போன்றவை. ஓர் உழவன் பஞ்சத்திலும் விதைநெல்லை உண்ணான். அதுபோலப் பொந்துத் தேனீயை அழியாது காத்தல் வேண்டும்.

இற்றை நாளில் வேறு இடர்களும் சூழ்கின்றன. கொல்லிமலையில் சாமையும் கேழ்வரகும் தினையும் விளைந்த நிலங்கள் பல, கடந்த சில பத்தாண்டுகளில் மரவள்ளிக்கு மாறின. விலை கிடைக்கும் பயிரை உழவர் நாடுவதைக் குறை கூறல் ஆகாது. ஆயினும் வேலியோரத்து அவரையும், ஊடே விதைத்த கடுகும், வரப்பிலிருந்த நாவலும் நீங்கி, எங்கும் ஒரே பயிராகும் இடத்தில் தேனீக்கு உணவு குறையும். பூத்திருக்கும் வேளையில் பூச்சிமருந்து தெளித்தால், தீங்கு செய்யும் பூச்சியொடு நன்மை செய்யும் தேனீயும் மடியும். தெளித்தே தீர வேண்டுமாயின், பூப்பதற்கு முன்னரோ பூ உதிர்ந்த பின்னரோ தெளிக்கலாம். மாலை சாய்ந்து தேனீ கூடடைந்த பின்னர்த் தெளிப்பினும் தீங்கு குறையும்.

ஆகவே, சந்தை மரத்தில் தேனீக்கூட்டம் ஒன்று வந்து தொங்கின் செய்யத்தக்கது இதுவே: கல்லெடாமல், தீ மூட்டாமல் விலகி நிற்றல், பிறரையும் விலக்குதல், தேனீ வளர்ப்பில் பழகிய ஒருவர்க்குச் சொல்லியனுப்புதல். ஒருவரும் கிடைக்காவிடின், அதனைத் தன் வழியே போகவிடுதல். வரப்பில் ஒரு நாவற்கன்றையோ புங்கங்கன்றையோ நடுதல் மாணவர் எவர்க்கும் இயலும். அது வளர்ந்து பூக்கும் நாளில், வீடு தேடிப் புறப்பட்ட ஒரு சிறு குடி அதன் கிளையில் சற்றே இளைப்பாறும். அம்மரத்தின் மலரையே உண்டு அவ்வூரிலேயே தங்கவும் கூடும்.